பட்டாபிக்குக் காது கேட்கலை... நம்ம வீட்டில்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஈஸி சேரில் சாய்ந்திருந்தேன். கல்லூரிக்குப் போகும் என் மகள் டி.வி.யில் யூடியூபைப் போட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு பழைய குரல்!

"அப்பா... இவரைத் தெரியுதா? பட்டாபி!"

தெரியாமல் என்ன? 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'. வாசகர்களில் பலருக்கு இந்தப் பெயரைக் கேட்டதுமே உதட்டில் ஒரு சிரிப்பு வந்திருக்கும். 2000-களின் தொடக்கத்தில் சன் டி.வி.யில் வந்த குடும்ப நகைச்சுவைத் தொடர். எஸ்.என்.சக்திவேல் இயக்கம். ஸ்ரீப்ரியா, நிரோஷா, நளினி என்று பெரிய நடிகைகள். அவர்களுக்கு நடுவே காது மந்தமான பட்டாபியாக எம்.எஸ்.பாஸ்கர். 2014-ல் மறுபடியும் புதிய பாகமாக வந்தது என்றால், மக்கள் அதை எவ்வளவு ரசித்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டாபியிடம் ஒன்று கேட்டால் வேறொன்று பதில் வரும். எதிரே நிற்பவர் தலையில் அடித்துக்கொள்வார். நாம் வயிறு வலிக்கச் சிரிப்போம். அன்றைக்கும் அப்படித்தான். மகள் சிரித்தாள். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பாதியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா சிரித்த நேரம்

அப்போது நாங்கள் திருவொற்றியூரில் குடியிருந்தோம். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து முடித்து, ராயபுரத்தில் நான் கிளினிக் வைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். முப்பத்தைந்து வருடம் பாய்லர் செய்யும் பட்டறையில் வேலை. முதலில் ரிவெட் அடிப்பது, பிறகு கிரைண்டிங். இரும்பு மேல் இரும்பு. காதில் வைத்துக்கொள்ள ஒரு துண்டுப் பஞ்சுகூட அந்தக் காலத்தில் யாரும் கொடுத்ததில்லை. கேட்க வேண்டும் என்று இவர்களுக்கும் தோன்றியதில்லை.

பட்டாபி வரும் நேரத்தில் வீடே டி.வி. முன்னால் கூடிவிடும். அப்பா நடுவில் நாற்காலி போட்டு உட்காருவார். அவரும் சிரிப்பார். ஆனால் எப்போது தெரியுமா? நாங்கள் சிரித்து முடிக்கும்போது. எங்கள் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், பிறகு சிரிப்பார். சில சமயம் நாங்கள் எல்லோரும் அடங்கிய பிறகு அவர் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்து நாங்கள் மறுபடியும் சிரிப்போம்.

"அப்பாவுக்கு ஜோக் லேட்டாத்தான் புரியும்" என்று என் தங்கை சொல்லுவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாசகர்களே, நான் ஒரு வைத்தியன். எங்கள் சித்த மருத்துவத்தில் நோயறிய எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் 'மொழி' என்பது நோயாளி பேசுகிற விதம். குரல் உரத்து இருக்கிறதா, தாழ்ந்து இருக்கிறதா என்று கவனிப்பது முதல் பாடம். என் அப்பா வீட்டுக்குள் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். ஊரார் நாடியை எல்லாம் பிடித்த நான், வீட்டில் இருந்த அந்தக் குரலைக் கவனிக்கவில்லை.

திரையில் காது கேட்காத ஒருவரைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். அந்த வசனம் காதில் விழாத இன்னொருவர் எங்கள் நடுவிலேயே உட்கார்ந்து, எங்களோடு சேர்ந்து சிரிப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தார். இருபது வருடம் கழித்து அதே தொடரைத் திரும்பப் பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது.

ஒரு சின்னக் காரியம் செய்தேன். ரிமோட்டை வாங்கி, சத்தத்தை ஏறக்குறைய அடியோடு குறைத்துவிட்டு அதே காட்சியை ஐந்து நிமிடம் பார்த்தேன். வாய்கள் திறந்து மூடின. யாரோ கையை ஆட்டினார்கள். யாரோ முறைத்தார்கள். சிரிக்க அதில் ஒன்றுமே இல்லை. அப்பா பார்த்த 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' இதுதான்!

காப்பி எப்படிச் சாவி ஆகிறது?

பட்டாபி ஏன் ஒன்றுக்கொன்று மாற்றிப் பதில் சொல்கிறார்? எழுதியவர்களின் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். அதில் நல்ல உடற்கூறு இருக்கிறது.

நம் உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. பெயரே நத்தை எலும்புதான். அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிர் செல்கள். காற்றில் நெல் வயல் அசைவது போல ஒலி அலையில் இவை அசையும். அந்த அசைவுதான் மின் சைகையாகி மூளைக்குப் போகிறது. கிணற்று மேட்டில் முதல் வரிசைப் பயிர் அதிகம் மிதிபடுவதைப் போல, நத்தையின் வாசலில் இருக்கும் செல்கள்தாம் முதலில் அழியும். அந்த வாசல் செல்கள் கேட்பது உச்ச ஒலிகளை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, தாழ்ந்த சுருதி. ச, த, ப, க, ட என்ற மெய்யொலிகள் மெலிந்தவை, உச்ச சுருதி. வாசல் செல்கள் போனால் உயிரொலி கேட்கும், மெய்யொலி நழுவிவிடும். சொல்லின் உடம்பு வரும், முகம் வராது.

என்னிடம் வரும் ஓர் அம்மா சொன்னார்: "காப்பி வேணுமான்னு கேட்டேன் டாக்டர். 'சாவி ஆணியில மாட்டியிருக்கு பாரு'ங்கறாரு. இன்னா சொன்னாலும் காதுல வாங்கிக்கறதே இல்ல." காப்பி, சாவி. இரண்டிலும் 'ஆ', 'இ' ஒன்றுதான். நடுவிலிருக்கும் மெய்கள்தான் வேறு. கணவருக்கு 'ஆ-இ' என்பது மட்டும் கேட்டது. மீதியை அவர் மூளை நிரப்பிக்கொண்டது. அவர் அலட்சியமாகவும் இல்லை, கிண்டலும் செய்யவில்லை. பாவம், ஊகித்திருக்கிறார்!

அதனால்தான் இவர்கள் "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கறீங்க" என்று சாதிப்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. சத்தம் கேட்கிறது, சொல்தான் விளங்குவதில்லை.

இன்னொரு வேடிக்கை. மெதுவாகச் சொன்னால் "என்ன?" என்பார்கள். கொஞ்சம் கத்தினால் "ஏன் இப்படிக் கத்தறே? நான் என்ன செவிடா?" என்று கோபம் வரும். இதுவும் வீம்பு அல்ல. செல்கள் குறைந்த காதில் கேட்கும் எல்லைக்கும் வலிக்கும் எல்லைக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. கேட்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இரைச்சலாகிவிடும்.

நம்ம ஏரியாவின் சத்தம்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்... இந்தக் கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு நான் சத்தத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் கிரேன், கன்டெய்னர் இறங்கும் அதிர்ச்சி, கப்பலின் துருவைச் சுத்தியலால் தட்டும் வேலை, வார்ப்படப் பட்டறை, அனல்மின் நிலைய டர்பைன், எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டும் லாரிகளின் ஏர் ஹாரன். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகும் தம்பிகள் டீசல் என்ஜினுக்குப் பக்கத்திலேயே நாள் கணக்கில் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள்.

ஒலியை டெசிபல் என்ற அளவால் அளப்பார்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60. காது தாங்கும் எல்லை என்று நிபுணர்கள் பொதுவாகச் சொல்வது 85 டெசிபலில் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 88-ல் நாலு மணி, 91-ல் இரண்டு மணி. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்! நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதித்து வந்தன.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு சுலபக் கணக்கு. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் பேச நீங்கள் கத்த வேண்டியிருந்தால், அந்த இடத்தின் சத்தம் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா பட்டறையில் முப்பத்தைந்து வருடமும் கை ஜாடையில்தான் பேசினாராம்!

இது புதிதாகக் கண்டுபிடித்த நோய் இல்லை. 1886-லேயே கிளாஸ்கோ நகரத்தில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் பாய்லர் தொழிலாளர்களைச் சோதித்து, அவர்கள் கேட்கும் திறன் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எழுதி வைத்தார். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் இரைச்சலால் வரும் காது மந்தமும் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது இது விதி இல்லை, வேலையால் வந்த காயம். ரத்தம் வராத காயம் என்பதால் யாரும் கட்டுப் போடவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் சில மாதங்களில் சாயங்காலம் வீடு திரும்பும்போது காது அடைத்த மாதிரி இருக்கும், 'ஙொய்' என்று இரையும். காலையில் சரியாகிவிடும். "பழகிப் போச்சு சார்" என்பார்கள். பழகிப்போகவில்லை. செல்கள் சோர்ந்து, தேறி, மறுபடியும் சோர்ந்து, ஒருநாள் தேறாமலே போய்விடுகின்றன. பறவைகளுக்கு இந்தச் செல்கள் திரும்ப முளைக்கும். மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சத்தம் மட்டும்தானா?

இல்லை. வயது ஒரு காரணம். காதில் சீழ் வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுவது ஒரு காரணம். சர்க்கரை வியாதி உட்காதின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். ஸ்ட்ரெப்டோமைசின், அமிக்காசின், ஜென்டாமைசின் போன்ற ஊசி மருந்துகள் சிலருக்கு மயிர் செல்களைப் பாதிக்கும். முந்தைய காலத்தில் காச நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம் பகுதியில் நிறைய. பழைய சீட்டு இருந்தால் காது டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

சில சமயம் காரணம் வெறும் காதுக் குறும்பியாக இருக்கும். அடைத்த குறும்பியை எடுத்தாலே "உலகமே திரும்பி வந்திடுச்சு" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. அதற்காக ஊக்கு, ஹேர்பின், வண்டிச் சாவி என்று கையில் கிடைத்ததை விட்டுக் குடையாதீர்கள். குறும்பி உள்ளே இன்னும் தள்ளப்படும். பறை கிழிந்தால் பெரிய வம்பு.

இதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நேற்று வரை கேட்ட காது இன்று காலை திடீரென்று கேட்கவில்லை என்றால் அது அவசர நிலை. "சளி அடைச்சிருக்கும், ரெண்டு நாள் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே, தாமதமானாலும் மூன்று நாட்களுக்குள், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாள் போகப் போக மீளும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

தைலம் விடலாமா, டாக்டர்?

என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். "பூண்டு காய்ச்சின நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டா சரியாகிடும்னு பாட்டி சொல்லுவாங்களே?"

சித்த மருத்துவன் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். அழிந்த மயிர் செல்லை முளைக்க வைக்கும் தைலம் எங்களிடமும் இல்லை, எவரிடமும் இல்லை. இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்குபவரை நம்பாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கும் காதில் எண்ணெய் விட்டால் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். காதைக் கருவி வைத்துப் பார்க்காமல் எந்தச் சொட்டும் விடக்கூடாது.

என் தவறை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அப்பா "காதுல வண்டு ரீங்காரம் பண்ற மாதிரி இருக்கு" என்றபோது சுக்குத் தைலம் கொடுத்துத் தலைமுழுகச் சொன்னேன். தலை பாரம் குறைந்தது, நன்றாகத் தூங்கினார். எங்கள் மருத்துவத்தின் எண்ணெய்க் குளியல் அந்த அளவுக்குக் கைகொடுத்தது. ஆனால் காது கேட்கிறதா என்று ஒரு பரிசோதனைக்கு அவரை நான் அனுப்பவில்லை. அரைமணி நேரத்தில் முடிகிற பரிசோதனை அது. 2011-ல் அவர் காலமாகும் வரை அனுப்பவில்லை.

தொடர் காட்டாமல் விட்டது

நான் பட்டாபியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எம்.எஸ்.பாஸ்கர் மகா நடிகர். தப்பாகக் கேட்டுவிட்டு, சரியான பதில் சொன்ன திருப்தியோடு நிற்பாரே, அந்த முகம் என் கிளினிக்கில் நான் தினம் பார்க்கிற முகம்.

ஆனால் திரையில் வரும் பட்டாபி ஒருபோதும் பேச்சிலிருந்து விலகுவதில்லை. தப்போ சரியோ, பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. இரண்டு தடவை "என்ன?" என்று கேட்பார்கள். மூன்றாவது தடவை வெட்கப்பட்டுச் சும்மா தலையாட்டிவிடுவார்கள். பிறகு டீக்கடைக்குப் போவது நிற்கும். கல்யாண வீட்டில் ஓரமாக உட்காருவார்கள். போன் அடித்தால் எடுக்க மாட்டார்கள். "அப்பாவுக்கு வயசாச்சு, அமைதியாகிட்டார்" என்று வீட்டில் சொல்வோம். அப்படி எதுவும் இல்லை. ஊகித்து ஊகித்துக் களைத்துப் போயிருக்கிறார்.

இந்தத் தனிமை மூளையையும் தொடுகிறது. மறதி நோயைத் தடுப்பது பற்றி 2024-ல் வெளியான லான்செட் குழுவின் அறிக்கை, நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் கவனிக்காமல் விட்ட காது மந்தமும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், உலகம் முழுக்க 150 கோடிக்கும் அதிகமானோர் ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்து வாழ்கிறார்கள் என்றது.

நம் பேச்சுவழக்கே இவர்களிடம் கொஞ்சம் கொடுமையாக நடந்துகொள்கிறது. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று யோசிக்காமல் சொல்கிறோம். கண் தெரியாதவர் தடுமாறினால் ஓடிப்போய்க் கை கொடுக்கிற நாம், காது கேளாதவர் தடுமாறினால் சிரிக்கிறோம். மாறவும் முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. 2007-ல் ராதாமோகன் இயக்கிய 'மொழி' படத்தில் ஜோதிகா, காது கேளாத வாய் பேச இயலாத பெண்ணாக வந்தார். அதில் எங்கேயும் ஏளனம் இல்லை. படமும் நன்றாக ஓடியது. நம்ம பட்டாபியும் அந்தப் படத்தில் இருந்தார், மகனை இழந்த துக்கத்தில் காலம் உறைந்துபோன பேராசிரியராக!

அதே தொடரை வைத்து ஒரு சோதனை

இன்று ராத்திரியே செய்து பாருங்கள். செலவில்லை. வீட்டுப் பெரியவருக்குப் பிடித்த பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் போட்டு, எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள்.

1. ரிமோட்டை அவரிடம் கொடுங்கள். அவர் வைக்கும் சத்தத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வைக்கும் எண்ணைவிட அது ரொம்ப அதிகமா?

2. யார் முதலில் சிரிக்கிறார், யார் மற்றவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார் என்று கவனியுங்கள்.

3. விளம்பர இடைவேளையில் டி.வி.யை நிறுத்திவிட்டு, அவருக்குப் பின்னால் ஆறடி தள்ளி நின்று சாதாரணக் குரலில் ஏதாவது சொல்லுங்கள். முகம் பார்க்காமல் விளங்காமல் தடுமாறுகிறாரா?

4. டி.வி. ஓடும்போதே பக்கத்தில் இருந்து பேசுங்கள். பின்னணிச் சத்தம் இருந்தால் தடுமாறுகிறாரா?

5. குழந்தைகள், பெண்கள் குரல் புரியாமல், ஆண்கள் குரல் மட்டும் புரிகிறதா? உச்ச சுருதி போயிருக்கிறது என்று அர்த்தம்.

இதில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். சிரித்துக் காட்டிக்கொடுக்காதீர்கள். தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள்.

எங்கே போவது?

வடசென்னைவாசிகளுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு கைக்கெட்டும் தூரம். இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் தங்கள் மருந்தகத்திலேயே கேட்டு, மேல் சிகிச்சைக்குச் சீட்டு வாங்கலாம். காதுக்குள் பார்த்துவிட்டு, ஹெட்போன் மாட்டி ஆடியோமெட்ரி என்ற சோதனை செய்வார்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது. 'பீப்' சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இரைச்சலால் கெட்ட காதின் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

குறைபாடு எந்த அளவோ அதற்கேற்பக் காது கேட்கும் கருவி. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலமும், மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்திலும், தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகவோ சலுகையிலோ கிடைக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதிலும் பேச்சு ஒலிகளில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்று வகுக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டின முதல் வாரமே கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். "பாத்திரச் சத்தமெல்லாம் மண்டையில இடிக்குது" என்பார்கள். பல வருடம் அந்தச் சத்தங்கள் இல்லாமல் இருந்த மூளை திரும்பப் பழக வேண்டாமா? முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, பிறகு கடைத்தெரு என்று ஏற்றுங்கள். அளவைத் திருத்தி அமைக்க இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். மூக்குக் கண்ணாடி போட வெட்கப்படாதவர், இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

பேசுகிற விதம்

வீட்டில் உள்ளவர்களுக்கு: முதலில் தோளைத் தொட்டோ பெயர் சொல்லியோ கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கத்த வேண்டாம், நிதானமாகச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். 'சாவி' விளங்காவிட்டால் 'பூட்டு திறக்கறது' என்றால் விளங்கும். முக்கியமான பேச்சுக்கு டி.வி.யை நிறுத்துங்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். இதைவிட அவரைப் புண்படுத்தும் சொல் வேறில்லை.

பட்டறைக்கும் கடலுக்கும் போகும் தம்பிகளுக்கு: காது அடைப்பான் அல்லது காது மூடியைக் கேட்டு வாங்குங்கள். பஞ்சு போதாது, அது சத்தத்தை நிறுத்தாது. ஷிப்டு நடுவில் கொஞ்ச நேரம் சத்தமில்லாத இடத்தில் உட்காருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஆடியோகிராம். சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அதே காதில் இயர்போனைச் செருகிப் பாட்டு வைக்காதீர்கள். காதுக்கும் ஓய்வு வேண்டும், ஐயா!

கடைசியாக ஒன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ரிமோட்டைக் கையில் எடுத்தபோது என் மகள் சொன்னாள்: "அப்பா, நீங்களே கொஞ்ச நாளா சவுண்டைக் கூட்டித்தான் வைக்கறீங்க." எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே போய்ச் சோதித்துக்கொண்டேன். இரண்டு காதிலும் உச்ச ஒலியில் லேசான இறக்கம். ஐம்பது கடந்தவனுக்கு வருகிற அளவுதான், கருவி இப்போதைக்கு வேண்டாம், வருடம் ஒருமுறை பாருங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. டி.வி.யைப் போட்டுவிட்டு, என் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள். பட்டாபி வந்தார். இந்தத் தடவை எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

உங்கள் வீட்டிலும் பழைய தொடர் ஓடட்டும், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்துக்கொண்டே ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் தாமதித்துச் சிரிக்கும் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கலாம். நான் என் அப்பாவுக்குச் செய்யத் தவறியதை நீங்கள் அவருக்கு இந்த வாரமே செய்துவிடுங்கள்.